தரவுத்தளப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு: ஒருமுறையாவது அது உடையட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஆசிரியர் இல்லை. தரவுத்தளங்கள் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. படிப்பை முடித்து வேலை தேடி வருபவர்களை நேர்காணல் செய்வதும் அந்தப் பிழைப்பில் சேர்த்தி. வழக்கமாகப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளைப் பற்றி ஒரு சின்னக் கேள்வி கேட்பேன்: "இந்தக் கணினியில் போஸ்ட்கிரெஸ் ஓடுகிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?" தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மூன்றாம் நார்மல் ஃபார்முக்கு (அட்டவணைகளைச் சீராகப் பிரிக்கும் விதிகளில் ஒன்று) இலக்கணம் சொல்லக்கூடியவர்கள் இதற்குத் திணறுகிறார்கள். "ஐகானை டபுள் கிளிக் செய்தால் திறக்கும் சார்" என்பார் ஒருவர். திறப்பது கிளையண்ட், அதாவது தரவுத்தளத்தோடு பேச உதவும் நிரல். தரவுத்தளம் என்பது திரையே இல்லாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு நிரல் (சர்வர்) என்பது அவருக்கு அன்றுதான் தெரியவருகிறது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் லேபில் வந்து உட்கார்ந்தபோது தரவுத்தளம் ஏற்கெனவே அங்கே இருந்தது. யாரோ நிறுவி, யாரோ ஓடவிட்டு, கடவுச்சொல்லைப் பலகையில் எழுதிப்போட்டிருந்தார்கள். நான்கைந்து மாதம் செலக்ட், ஜாயின், குரூப் பை என்று எஸ்கியூஎல் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி) கட்டளைகளை எழுதினார். தேர்வு முடிந்தது.

உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. அந்தப் பருவத்தில் ஒரு செய்முறையை மட்டும் மாற்றுங்கள். தயாராக நிறுவப்பட்ட தரவுத்தளத்தைக் கொடுக்காமல், ஒவ்வொரு மாணவரும் அதன் மூலநிரலை எடுத்துத் தானே பில்ட் செய்யட்டும், அதாவது கம்பைல் செய்து ஓடும் நிரலாக மாற்றட்டும். அதுவும் பக்குவமாக வெளியிடப்பட்ட பதிப்பை வேண்டாம். இன்றும் யாரோ திருத்திக்கொண்டிருக்கும் டெவலப்மெண்ட் கிளையை எடுக்கட்டும்.

எதை எடுப்பது என்று கேட்டால் போஸ்ட்கிரெஸ் என்பேன். சி மொழியில் எழுதியது, சுமாரான கணினியிலும் சில நிமிடங்களில் கம்பைல் ஆகிவிடும், உள்ளே விளக்கக் குறிப்புகள் தாராளம். மைஎஸ்கியூஎல்லும் நல்ல மென்பொருள்தான். ஆனால் அதை பில்ட் செய்ய நேரமும் வட்டு இடமும் ஏகத்துக்குத் தேவை, ஒரு லேப் வகுப்புக்குள் அடங்காது. எஸ்கியூலைட் வேறு வகையில் சுவாரசியம். நூற்றுக்கு மேற்பட்ட மூலக் கோப்புகளை இரண்டரை லட்சம் வரிகளைத் தாண்டிய ஒற்றை சி கோப்பாக ஒட்டித்தான் அவர்கள் உலகுக்குக் கொடுக்கிறார்கள். ஒரே கோப்பாக இருந்தால் கம்பைலர் இன்னும் நன்றாகச் செதுக்கும், 5 முதல் 10 சதவீதம் வேகம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. டெவலப்மெண்ட் மரத்தில் அந்தக் கோப்பைத் தேடினால் கிடைக்காது, நாம்தான் உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் எஸ்கியூலைட்டில் சர்வரே கிடையாது. நேர்காணலுக்கு வந்தவர் தடுமாறியதோ சர்வர் என்ற இடத்தில்.

இனி, "உடையும்" என்று நான் சொல்வது என்ன என்று பார்ப்போம்.

கிட் குளோன் (மூலநிரலை அதன் மாற்ற வரலாற்றோடு நகலெடுப்பது) முடிந்ததும், பில்டுக்குத் தேவையானவை கணினியில் இருக்கின்றனவா என்று பார்க்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டுவார்கள். வெறுங்கணினி என்றால் அது நாலு எட்டு நடந்து நின்றுவிடும். ஐசியூ லைப்ரரி (பல மொழி எழுத்துகளைக் கையாள்வது) இல்லை என்று முதலில் சொல்லும். 16-ஆம் பதிப்பிலிருந்து அது இயல்பாகவே தேவை. அதைப் போட்டால் பைசன் இல்லை. பைசனைப் போட்டால் ஃப்ளெக்ஸ் இல்லை. பிறகு ரீட்லைன் இல்லை என்று நிற்கும். இங்கேதான் மாணவர் கையைத் தூக்குவார்: "சார், ரீட்லைன் இருக்கிறதே!" இருக்கத்தான் செய்கிறது. ஓடுவதற்கான லைப்ரரி இருக்கிறது, கம்பைல் செய்வதற்கான ஹெடர் கோப்புகள் இல்லை. இரண்டும் தனித்தனிப் பொதிகள் என்ற விஷயத்தை எந்த விரிவுரையும் இவ்வளவு சீக்கிரம் மண்டையில் ஏற்றாது. பொறுமை இழந்த ஒருவர் ரீட்லைனே வேண்டாம் என்று விருப்பத்தை அணைத்துவிட்டுத் தாண்டிப் போவார். அவரைத் தடுக்காதீர்கள். பின்னால் பிஎஸ்கியூஎல் (போஸ்ட்கிரெஸின் கிளையண்ட்) திரையில் மேல் அம்புக்குறியை அழுத்தும்போது பழைய கட்டளைக்குப் பதில் கிறுக்கல் எழுத்துகள் வரும். எதை வேண்டாம் என்றோமோ அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று அப்போது புரியும்.

பைசன் எதற்கு? செலக்ட் என்று நாம் எழுதும் வரியைப் பிரித்துப் படிக்கும் பார்சர் அதிலிருந்துதான் பிறக்கிறது. எஸ்கியூஎல்லின் இலக்கணம் முழுவதும் ஒரே கோப்பில், பதினைந்தாயிரம் வரிக்கு மேல் நீளமாக, கையால் எழுதப்பட்டிருக்கிறது. பைசன் அதை சி நிரலாக்குகிறது. கம்பைலர் பாடத்தில் சொல்லிக்கொடுத்த இலக்கண விதிகள் வேறெந்தப் பாடத்திலும் தலைகாட்டாமல் அநாதையாகக் கிடக்கின்றனவே, அவற்றுக்கு இங்கே ஒரு வீடு கிடைக்கும்.

ரெப்போவும் (கிட்டில் உள்ள மூலநிரல் களஞ்சியம்) வெளியீட்டுத் தொகுப்பும் ஒன்றல்ல என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். முன்பெல்லாம் போஸ்ட்கிரெஸ் வெளியிடும் தார்பாலுக்குள் (சுருக்கிக் கட்டிய அந்தத் தொகுப்பு) பைசன் உருவாக்கிய சி கோப்புகளும் சேர்ந்தே வரும், அதனால் பைசன் இல்லாமலே ஒப்பேற்றலாம். 2024-இல் வந்த 17-ஆம் பதிப்பிலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் பின்கதவு ஒளித்துவைக்கப்பட்ட விவகாரம் வெடித்தது. எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டி, அந்தப் பின்கதவைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். போஸ்ட்கிரெஸ் நிரலாளர்களில் ஒருவர். நஞ்சின் ஒரு பாதி சோதனைக் கோப்பு வேடத்தில் ரெப்போவிலேயே இருந்தது. அதைத் தட்டி எழுப்பும் பில்ட் ஸ்கிரிப்டோ வெளியீட்டுத் தார்பாலில் மட்டுமே இருந்தது. போஸ்ட்கிரெஸின் முடிவு அதற்கும் முந்தையது, இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் "மூலநிரல் திறந்திருக்கிறது, ஆகவே பாதுகாப்பு" என்று ஒரே மூச்சில் சொல்பவரிடம் "எந்த மூலநிரல்?" என்று திருப்பிக் கேட்க மாணவருக்கு ஒரு கதை கிடைக்கிறது.

கம்பைல் முடிந்து நிறுவியாயிற்று. நிர்வாகி அனுமதி தேவையில்லை. மாணவரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே நிறுவிக்கொள்ளலாம். லேப் கணினிகளைக் கெடுத்துவிடுவார்கள் என்ற கவலைக்கு இது பதில். சொல்லப்போனால், தரவுக் கோப்புறையை உருவாக்கும் இனிட்டிபி கட்டளையை ரூட்டாக (நிர்வாகியாக) இருந்து கொடுத்தால் அது முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடும்.

அடுத்த அடி எனக்கு மிகவும் பிடித்தது. சர்வரை ஓடவிட்டு, பிஎஸ்கியூஎல் என்று தட்டுவார்கள். கணினியில் ஏற்கெனவே டெபியன் பொதியாக நிறுவப்பட்ட பழைய பிஎஸ்கியூஎல் இருந்தால், பாத் வரிசையில் (கட்டளையைக் கணினி தேடும் கோப்புறைகளின் வரிசை) அது முந்திக்கொண்டு எழுந்திருக்கும். சர்வரைக் காணோம் என்று சொல்லும். சர்வரோ பக்கத்து டெர்மினலில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும்! பொதியாக வந்த கிளையண்ட் சாக்கெட்டை (சர்வரோடு இணையும் வாசல்) தேடுவது ஒரு கோப்புறையில். நாம் பில்ட் செய்த சர்வர் சாக்கெட்டை வைத்திருப்பது டெம்ப் கோப்புறையில். ஒரே அறையில் இரண்டு பேர் வெவ்வேறு கதவைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். என் நேர்காணல் கேள்விக்கான விடை மொத்தமும் இந்த ஒரு எர்ரரில் இருக்கிறது. வழியைச் சொல்லிவிடாதீர்கள், கால் மணி நேரமாவது தேடட்டும்.

இதற்கெல்லாம் வெளியீட்டுப் பதிப்பே போதாதா, டெவலப்மெண்ட் கிளை எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதல் வாரம் வகுப்பு முழுவதும் ஒரே கமிட்டில் (கிட்டில் பதிவான ஒரு மாற்றம்) இருக்கட்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை வகுப்புக்கும் வியாழக்கிழமை வகுப்புக்கும் நிரலே வேறாகிவிடும். மூன்றாம் வாரம், அட்டவணைகளில் நாலு வரிசை சேர்ந்த பிறகு, எல்லோரையும் புதிய கமிட்டுக்கு நகர்த்தி மறுபடி பில்ட் செய்யச் சொல்லுங்கள். சர்வர் எழுந்திருக்காது. இந்தத் தரவுக் கோப்புறை இன்ன கேட்டலாக் எண்ணோடு உருவானது, இந்த நிரல் வேறு எண்ணோடு கம்பைல் ஆனது என்று சொல்லி நின்றுவிடும். தரவுத்தளம் தன்னைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் உள்ளட்டவணைகளின் (அவைதான் கேட்டலாக்) அமைப்பு மாறும்போதெல்லாம் நிரலாளர்கள் ஒரு ஹெடர் கோப்பில் அந்த எண்ணை ஏற்றுகிறார்கள். தேதியைக் கொண்டே எழுதப்படும் எண் அது. அந்தக் கோப்பின் கிட் வரலாற்றைப் பார்த்தால் எந்த இரண்டு கமிட்டுகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தரவு வேறு, அதைப் படிக்கும் நிரல் வேறு. இரண்டுக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, அது மாறும். வேலையில் நடுராத்திரி அப்கிரேடு செய்யும்போது நாங்கள் பயப்படுவது இதற்காகத்தான். மாணவருக்கு இழப்பு நாலு வரிசை. பழைய பில்டைத் திரும்ப எழுப்பி, தரவை டம்ப் எடுத்து, புதியதில் ஏற்றிக்கொள்வார்.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படித்தான் புதுக் கமிட்டுகளை இழுத்துவிட்டு மேக் (கம்பைல் செய்யும் கட்டளை) கொடுத்தேன். கம்பைல் ஆனது, ஓடியது, சம்பந்தமே இல்லாத இடத்தில் விழுந்தது. ஒரு மாலை முழுவதும் நிரலைத் துழாவினேன். பிழை நிரலில் இல்லை. ஹெடர் மாறினால் அதை நம்பியிருக்கும் கோப்புகளையும் மறுபடி கம்பைல் செய்யச் சொல்லும் விருப்பம் கான்ஃபிகரில் இயல்பாக அணைந்திருக்கும், நான் அதை இயக்கவில்லை. பாதிக் கோப்புகள் பழைய அமைப்போடும் பாதி புதிய அமைப்போடும் ஒன்றுசேர்ந்திருந்தன. துடைத்துவிட்டு முதலிலிருந்து கம்பைல் செய்ததும் சரியாகிவிட்டது. 16-ஆம் பதிப்பிலிருந்து இருக்கும் மெசான் என்ற வேறு பில்ட் வழியில் போனால் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் பழைய வழியில் ஒருமுறை விழுந்து எழுவதில் தப்பில்லை என்பேன்.

இன்னொரு தடவை, தரவுத்தளம் மந்தமாகிவிட்டது என்று வரைபடம் போட்டு எல்லோருக்கும் அனுப்பி அசடு வழிந்தேன். நிரல் ஓடும்போதே தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் அசெர்ட் சோதனைகளை இயக்கி பில்ட் செய்த சர்வரில் வேகத்தை அளந்திருக்கிறேன்! மாணவர்களின் பில்டில் அசெர்ட் கட்டாயம் இருக்கட்டும். அதை வைத்து வேகம் அளக்க மட்டும் விடாதீர்கள்.

பில்ட் ஆனதும் என்ன செய்வது? மேக் செக் கொடுத்தால் 200-க்கும் மேற்பட்ட சோதனைகள் ஓடும், அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நான் சொல்ல வருவது வேறு. 100 வரிசை உள்ள, 8 கிலோபைட் பக்கம் ஒன்றுக்குள் அடங்கிவிடும் ஓர் அட்டவணை. அதற்கு பிரைமரி கீ உண்டு, ஆகவே இண்டெக்ஸும் (புத்தகத்தின் சொல்லடைவு போல வரிசையைத் தேட உதவுவது) உண்டு. அனலைஸ் (புள்ளிவிவரம் சேகரிக்கும் கட்டளை) செய்துவிட்டு, ஒரு எண்ணைக் கொடுத்துத் தேடச் சொல்லி எக்ஸ்ப்ளெயின் (எந்த வழியில் தேடும் என்று காட்டும் கட்டளை) பார்த்தால், இண்டெக்ஸைத் தொடாமல் அட்டவணை முழுவதையும் படிப்பதாகச் சொல்லும். "இண்டெக்ஸ் இருந்தால் வேகம்" என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் விழிப்பார்கள். இப்போது மூலநிரல் கையில் இருக்கிறதே. ஆப்டிமைசேஷனை அணைத்து கம்பைல் செய்த சர்வரில் ஜிடிபியை (ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி) ஒட்டவைத்து, செலவு கணக்கிடும் ஃபங்ஷனில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் வரிசையாகப் படிக்க 1. ஒவ்வொரு வரிசையையும் எடுக்க 0.01, நிபந்தனையோடு ஒப்பிட 0.0025, 100 வரிசைக்கு 1.25. மொத்தம் 2.25. இண்டெக்ஸ் வழியாகப் போனால் இண்டெக்ஸில் ஒரு பக்கம், அட்டவணையில் ஒரு பக்கம், இரண்டும் தாறுமாறாகத் தாவிப் படிப்பவை, தாவலுக்கு 4 வீதம் 8-க்குச் சற்று மேல். ஆகவே முழு வாசிப்பு ஜெயிக்கிறது. வெறும் கூட்டல் கணக்கு! அது நடந்துகொண்டிருக்கும்போதே எண்களைப் பார்த்தவர் பிறகு வாழ்நாளில் கண்ட காலத்துக்கெல்லாம் இண்டெக்ஸ் போடமாட்டார்.

நேரம் போதாது என்பீர்கள். மூன்று செய்முறை வகுப்புகள் கேட்கிறேன். நார்மல் ஃபார்ம் பயிற்சிகளில் இரண்டைக் குறைத்தால் குடி முழுகிவிடாது. இணைய வேகம் கவலை என்றால் ரெப்போவை ஒருமுறை இறக்கி லேப் சர்வரில் வைத்துவிட்டு, மாணவர்கள் அங்கிருந்து குளோன் செய்யட்டும். வரலாற்றை வெட்டிவிட்டுக் கடைசிக் கமிட்டை மட்டும் எடுக்காதீர்கள். 1996 முதலான வரலாறு அதில் இருக்கிறது. ஒரு வரியை யார், எதற்காக மாற்றினார்கள் என்று கமிட் குறிப்பில் படிப்பது பாதிப் படிப்பு.

மதிப்பெண் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக ஒன்று கேட்பேன். வெற்றிகரமாக ஓடும் சர்வரின் ஸ்கிரீன்ஷாட்டுக்கு மதிப்பெண் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் என்றால் ஒருவர் எடுப்பார், அறுபது பேர் ஒட்டுவார்கள். எங்கே நின்றது, எர்ரர் என்ன சொன்னது, முதலில் என்ன நினைத்தீர்கள், அது ஏன் தப்பு என்று எழுதும் குறிப்புக்கு மதிப்பெண் போடுங்கள். பில்ட் முடியாமலே போனவருக்கும் முழு மதிப்பெண் கிடைக்க வழி இருக்க வேண்டும்.

செய்து பார்த்தீர்களானால், உங்கள் முதல் மாணவருக்கு எந்த வரியில் நின்றது என்பதை மட்டும் எங்காவது எழுதுங்கள். எனக்கு ரீட்லைனில் நின்றது.

இப்படிக்கு,
தரவுத்தளங்களோடு மல்லுக்கட்டும் ஒருவன்