குறத்தி பாட்டுக்கு வெண்பாச் சட்டையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கவிதை நயப் பக்கத்தில், குறத்தி பாடும் குற்றாலக் குறவஞ்சியின் ‘வானரங்கள் கனிகொடுத்து மந்தியொடு கொஞ்சும், மந்திசிந்து கனிகளுக்கு வான்கவிகள் கெஞ்சும்’ என்று தொடங்கும் பாட்டை “எதுகை தளர்ந்த இனிய வெண்பா” என்கிறார் உங்கள் கட்டுரையாளர். இனிய என்றதற்கு நன்றி.

வெண்பாவில் காய்ச்சீரை, அதாவது நேரில் முடியும் மூவசைச் சீரை, அடுத்து நேரசைதான் வரும் என்பது தாங்கள் அறியாததல்ல. வா/னரங்/கள் கூவிளங்காய். அடுத்து கனி/கொடுத்/து, நிரையில் தொடங்குகிறது. முதல் இரண்டு சீருக்குள்ளேயே வெண்பாவுக்கு ஆகாத கலித்தளை. ஈற்றடி முச்சீராய் வந்து நாள், மலர், காசு, பிறப்பு இவற்றில் ஒன்றாய் முடியவேண்டுமே, அதையாவது பார்த்தாரா?

எதுகையும் தளரவில்லை. அச்சில் இரண்டு வரியாக மடித்துப் போடுவது உண்மையில் எட்டுச் சீருள்ள ஒரே அடி. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாம் வரிகளின் தொடக்கத்தைப் பாருங்கள்: வானரங்கள், கானவர்கள், தேனருவி, கூனலிளம். நெடில், உடனே ‘ன’. இதைவிட இறுக்கமாக என்ன வேண்டும்? எட்டு வரிப் பாட்டை நீங்கள் நாலு வரியோடு நிறுத்திவிட்டீர்கள், கட்டுரையாளர் அந்த நாலையும் பார்க்கவில்லை. போதாததற்கு ‘மந்தி சிந்து’, ‘வான் கவிகள்’ என்று சொல் சொல்லாகப் பிரித்து, நாலு சீர் வரியை ஆறாக்கியிருக்கிறது உங்கள் அச்சகம்.

“அமைதியான இயற்கை வர்ணனை”யாம். கலித்தளை துள்ளும் இடத்தில் அமைதி எங்கே வந்தது? நாயகி வசந்தவல்லியிடம் குறத்தி தன் மலையின் பெருமையை அளக்கிறாள். குரங்குகள் கொஞ்சும், தேவர்கள் கெஞ்சும். கொகரம் கெகரமானதும் வானுலகமே கையேந்தி நிற்கிறது. ‘மலையெங்கள் மலையே’ என்ற முடிப்பை வெட்டிய பிறகு, பேசுவது யாரென்றே தெரியவில்லை.

போன குற்றாலச் சாரல் பருவத்தில் இதே பாட்டைப் “பெயர் தெரியாத நாட்டுப்புறக் கவிஞர்” கணக்கில் எழுதினீர்கள். குறவஞ்சியை எழுதிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு அந்த மரியாதை. அதற்கு முன் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்துக்கும் அதே கதி. குற்றாலத்தையும் சேர்த்துத் தென்காசி தனி மாவட்டமானது 2019-இல். உங்கள் பக்கத்தில் குற்றாலம் இன்னும் நெல்லை மாவட்டத்தில்தான் இருக்கிறது. இருக்கட்டும், எங்களுக்கும் அதில் வருத்தமில்லை.

அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது எட்டு வரியையும், சீர் பிரியாமல், போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
இலஞ்சி