அந்தச் சார்ட்டுக்கு ஒரு மேசை கொடுங்கள்

மாவட்ட அறிவியல் கண்காட்சி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். சனிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவி வைத்திருந்த சார்ட்டை எடுக்கச் சொன்னீர்கள். நீங்கள் அனுப்பிய விஞ்ஞானிகள் பட்டியலில் அவள் தேர்ந்தெடுத்த இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் பெயர் இல்லை என்பதுதான் காரணம். விதி என்று ஒன்று வேண்டும், சரி. அந்த விதியை மாற்றச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெண் மூன்று வாரம் உழைத்தாள். விண்ணிலிருந்து வரும் ஒரு கதிர்த்துகள் காற்றில் மோதி இரண்டாகி, நான்காகி, மழையாகப் பெருகும். எந்த ஆற்றலில் எத்தனை துகள் இருக்கும் என்று எப்படி எண்ணுவது? இதற்கு அல்லாடி கொடுத்த கணக்குமுறை 1950இல் வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் இதழில் வந்த அந்தக் கணிதத்தை அவள் கடுகு தாளிப்பதை வைத்து விளக்கியிருந்தாள். எந்தக் கடுகு எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் சட்டியின் ஒரு சிறு மூலையில் ஒன்று வெடிக்க எவ்வளவு வாய்ப்பு, இரண்டு மூலைகளில் சேர்ந்தே வெடிக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடலாம். இருபது வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்கு இப்படி ஓர் உதாரணம் தோன்றியதில்லை.

அதைப் படித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. "லிஸ்ட்ல இல்லம்மா, எடுத்துடு" என்றார் ஒருவர். சார்ட் கிழிந்துவிடக் கூடாது என்று செலோ டேப்பை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். சார்ட் கசங்காமலிருக்க அதைத் தலைக்கு மேல் பிடித்தபடி வீடு வரை நின்றே வந்தாள். அவள் அழவில்லை. "அவர் பெரிய ஆள் இல்லையா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

பெரிய ஆள்தான் என்று உங்களிடமும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் பிரின்ஸ்டனிலிருந்து திரும்பியவர், மயிலாப்பூரில் தன் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸிலேயே மாணவர்களை உட்காரவைத்துக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960 ஜனவரியில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தார். இந்தியாவில் தன்னைக் கவர்ந்தவை என்று பம்பாயின் பெரிய அணுசக்தி நிலையத்தையும் அல்லாடியின் இந்தச் சிறு குழுவையும் சேர்த்தே சொன்னார். மறு வருடம் அன்றைய சென்னை மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் முயற்சியால் அந்த மாணவர்களை நேரு சந்தித்தார். 1962 ஜனவரி 3ஆம் தேதி கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தொடங்கிவைத்தவர் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இன்றும் தரமணியில் அது இயங்குகிறது. வீட்டுக் கூடத்தில் தொடங்கிய ஒன்றை அல்லாடி அரசு நிறுவனமாக வளர்த்து, 1983 வரை இயக்குநராக இருந்து நடத்தினார்.

2008 ஜூன் 7ஆம் தேதி அமெரிக்காவில் காலமானார். இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவரைப் பற்றி நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? பரிசு வாங்கியவர் பெயரைத்தான் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுக்கிறோம். வினாடி வினாவிலும் அதே பத்துப் பெயர், பேச்சுப் போட்டியிலும் அதே பத்துப் பெயர். நம் ஊரில் இருந்துகொண்டே உலகத் தரத்தில் இயற்பியல் செய்ய முடியும் என்று காட்டியவருக்கு ஒரு மேசை தர முடியவில்லை என்றால், தேடிப் படிக்காதே, கொடுத்ததை மட்டும் எழுது என்றல்லவா அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறோம்? எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். இத்தனை பள்ளிகளை ஒருங்கிணைப்பதில் உங்களுக்கு எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது இதுதான்: பட்டியலில் இல்லாத பெயரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற விதியை நீக்குங்கள். அது இந்த வருடம் முடியாது என்றால், அடுத்த மாதம் நடக்கும் இரண்டாம் சுற்றில் அவள் சார்ட்டுக்கு மட்டுமாவது ஒரு மேசை கொடுங்கள். போட்டியில் சேர்க்க வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். நடுவர்கள் ஐந்து நிமிடம் நின்று அவள் சொல்வதைக் கேட்டால் போதும்.

சார்ட் இப்போது எங்கள் ஆசிரியர் அறை பீரோ மேல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு போன் செய்யுங்கள், நானே எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய கணக்கு ஆசிரியர்