ராணுவத்துக்கு ஏன் குடிநுழைவு வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் குடிநுழைவுச் சோதனைகள் நடக்கும் இடங்களுக்கு ராணுவத்தை அனுப்புவது 2025இல் பழக்கமாகி வந்தது. 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலிசுக்கு ஏறத்தாழ 4,000 தேசியக் காவல் படையினரும் 700 மரீன் வீரர்களும் அனுப்பப்பட்டனர். கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் எதிர்த்தார், பலனில்லை. உள்நாட்டுச் சட்ட அமலாக்கத்தில் ராணுவத்தைக் கட்டுப்படுத்தும் 1878ஆம் ஆண்டுச் சட்டம் மீறப்பட்டதாகச் செப்டம்பரில் நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். அரசாங்கம் உடனே மேல்முறையீடு செய்தது.

நம் சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்திலும் ராணுவ வீரர்கள் ரோந்து போகிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். சரி, போகிறார்கள்தான். ஆனால் அது பயங்கரவாத மிரட்டலுக்கு எதிரான பாதுகாப்பு. கடப்பிதழைச் சரிபார்ப்பது குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம். அது உள்துறை அமைச்சின்கீழ் இருக்கிறது, தற்காப்பு அமைச்சின்கீழ் அல்ல. நம் சட்டம் ஒன்றும் மென்மையானதில்லை. அனுமதிக்காலம் முடிந்து 90 நாளுக்கு மேல் தங்கும் ஆண்களுக்குச் சிறையோடு பிரம்படியும் உண்டு. அதை நடைமுறைப்படுத்தப் பட்டாளத்தைத் தெருவில் இறக்க வேண்டியிருக்கவில்லை.

தேசிய சேவையில் நம் பிள்ளைகள் கற்பது எதிரியைச் சமாளிக்க. வேலை அனுமதி காலாவதியான ஊழியர் எதிரி இல்லை. அவர் முகவரிடம் ஏமாந்தவராகவும் இருக்கலாம். விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அதற்கென்றே பயிற்சி பெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள்.

அந்த 1878 சட்டத்தைப் பற்றி நம் நாளிதழில் ஒரு விளக்கக் கட்டுரை வந்தால், தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கும் உதவும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்