பறக்கும் தட்டு ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்த உறுப்பினர்களே, இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்துள்ள நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகள் பற்றிய இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கையும் உறுப்பினர் சேர்க்கை விவரங்களையும் பொருளாளர் தனியே சமர்ப்பிக்க இருப்பதால் அவற்றை இங்கே தொடவில்லை. மாதாந்திரக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. செயற்குழுவும் முறைப்படி கூடியது. வானில் விளங்காத ஒன்றைக் கண்டதாக நம்மிடம் வந்து சொல்பவர்களின் பேச்சைக் கேட்டு, பதிவு செய்து, ஆராய்வதே இந்தச் சங்கத்தின் உயிர்ப்பணி என்று கருதுவதால், அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

இவ்வாண்டு வந்த பதிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் கிடைத்தது. வெள்ளி, வியாழன் ஆகிய கோள்கள், தரையிறங்க வரும் விமானங்களின் முகப்பு விளக்குகள், இரவில் பறக்கவிடப்படும் ட்ரோன்கள், காகித விளக்குக் கூடுகள் என்ற பழைய வரிசையோடு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களும் இப்போது நிரந்தர இடம் பிடித்துவிட்டன. 2019 மே மாதத்தில் முதல் தொகுதியாக 60 செயற்கைக்கோள்கள் ஒரே ராக்கெட்டில் ஏவப்பட்டது முதல், ஏவப்பட்ட ஓரிரு நாட்களில் அவை நூல் பிடித்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் கண்டு திகைத்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நம்மிடம் வந்தவர்களும், விளக்குகள் சத்தமே இல்லாமல் வரிசையாகப் போயின, நடுவானில் ஒவ்வொன்றாக அணைந்தன என்று கண்டதைக் கண்டபடி சொன்னார்கள். அவை பூமியின் நிழலுக்குள் நுழைந்ததால்தான் மறைந்தன. இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, கண்ணும் இவர்களை ஏமாற்றவில்லை. தெரியாதிருந்தது ஒரு தகவல் மட்டுமே. இத்தகைய பதிவுகளை அலட்சியமாக ஒதுக்கக்கூடாது என்று செயற்குழு எடுத்த முடிவை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

விசாரணை முறையில் இவ்வாண்டு செய்த மாற்றங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முன்பு நமது படிவத்தில் 'பொருள் எவ்வளவு பெரியது, எவ்வளவு தூரத்தில் இருந்தது' என்ற கேள்விகள் இருந்தன. இருட்டு வானில் தெரியும் ஓர் ஒளியின் உண்மையான அளவு தெரியாதபோது அதன் தூரத்தைச் சொல்ல யாராலும் இயலாது. தூரம் தெரியாதபோது அளவையும் சொல்ல இயலாது. ஆகவே அந்தக் கேள்விகளை எடுத்துவிட்டு, கோண அளவைக் கேட்கத் தொடங்கினோம். கையை முழுவதும் நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. சுண்டுவிரலின் அகலம் ஏறக்குறைய 1 பாகை. முழு நிலவு அதில் பாதிதான். அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று ஒருவர் காட்டிவிட்டால், திசையையும் நேரத்தையும் சேர்த்து அன்றைய வான்படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

நேரம் குறித்த கேள்வி இதைவிட முக்கியமானது. எரிநட்சத்திரம் சில விநாடிகளில் முடிந்துவிடும். வளிமண்டலத்தில் மீண்டும் நுழைந்து எரியும் ராக்கெட் பாகங்கள் அதைவிட மெதுவாக, துண்டு துண்டாக உடைந்துகொண்டு, ஒரு நிமிடத்துக்கு மேலும் தெரியக்கூடும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம் சில நிமிடங்களில் வானைக் கடந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்ற ஒளியென்றால், கோள்களையும் நட்சத்திரங்களையும்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் பதற்றத்தில் இருப்பவருக்கு விநாடிகளும் நிமிடங்களாகத் தோன்றும். அதனால் 'எத்தனை நிமிடம்' என்று கேட்பதை நிறுத்திவிட்டு, நடந்ததை மனத்தில் மீண்டும் ஓட்டிப் பார்த்து, தொடங்கியபோதும் முடிந்தபோதும் கையைத் தட்டுமாறு சொல்லி, கடிகாரத்தில் நாமே நேரத்தைக் குறித்துக்கொள்கிறோம். ஐந்து நிமிடம் என்று முதலில் சொன்னவர்கள் அரை நிமிடத்துக்குள் கையைத் தட்டியதை விசாரணைக் குழுவினர் பார்த்திருக்கிறார்கள்.

இம்முறை எப்படிப் பயன்பட்டது என்பதற்கு ஒரு பதிவை மட்டும் குறிப்பிடுகிறேன். ஒரு மூத்த பெண்மணி, சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாறி மாறி ஒளிர்ந்த ஒன்று தம் வீட்டு மொட்டைமாடிக்கு எதிரே தாழ்வாக நின்று அங்குமிங்கும் அசைந்ததாகவும், இரண்டு இரவுகள் தொடர்ந்து வந்ததாகவும் தெரிவித்தார். நமது குழுவினர் மறுநாள் அதே நேரத்தில் சென்று, அவர் நின்ற இடத்திலேயே அவரை நிற்கச் சொல்லி, கைப்பிடிச் சுவரின் மூலையை ஒளிக்கு நேராக வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டனர். சுவரின் விளிம்போடு சேர்த்துப் பார்த்தபோது ஒளி அங்குமிங்கும் அசையவில்லை. நேரம் செல்லச் செல்ல மேற்கு நோக்கி மெல்ல இறங்கியது மட்டுமே தெரிந்தது. வான்படத்தின்படி அந்த இடத்தில் இருந்தது சிரியஸ், இரவு வானிலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம். அடிவானத்துக்கு அருகே அதன் ஒளி அடர்ந்த காற்றைக் கடந்து வருவதால் நிறங்கள் பிரிந்து துடிக்கின்றன. இருளில் தனித்து நிற்கும் ஒளிப்புள்ளியை உற்று நோக்கும்போது அது நகர்வதாகத் தோன்றுவது மனிதக் கண்ணுக்கே உள்ள இயல்பு. அந்த அம்மையார் ஏமாற்றம் அடைவார் என்று நினைத்தோம். மாறாக, "இத்தனை வருஷமா இது இங்கேயேதான் இருந்துச்சா?" என்று கேட்டு, அன்றிரவு நெடுநேரம் நமது தொலைநோக்கியை விட்டு அகலவில்லை. இப்போது அவர் நமது சங்க உறுப்பினர்.

விளக்கத்தை எப்போது, எப்படிச் சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். அமெரிக்க விமானப்படையின் ஆலோசகராக இருந்த வானியலாளர் ஜே. ஆலன் ஹைனெக், 1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் பலர் கண்ட ஒளிகளில் சிலவற்றுக்குச் சதுப்பு நில வாயு காரணமாக இருக்கலாம் என்று அவசரச் சூழலில் கூறினார். நாடு முழுவதும் கேலி எழுந்தது, பார்த்தவர்கள் தாங்கள் இழிவுபடுத்தப்பட்டதாகக் கொதித்தனர். அதே ஹைனெக் பின்னர் பார்த்தவர்களின் கூற்றை மதித்துப் பதிவு செய்யும் முறைகளை வகுத்தார். 1973-இல் இதற்கென ஓர் ஆய்வு மையத்தையும் நிறுவினார். நம் வாசிப்பு வட்டத்தில் அவரது வாழ்க்கையை எடுத்துக்கொண்ட கூட்டம்தான் இவ்வாண்டின் மிகச் சிறந்த கூட்டம் என்பது என் கருத்து. நேரமும் திசையும் கேட்காமலேயே 'வெள்ளியாக இருக்கும்' என்று கைவீசிச் சொல்பவர், எதைக் கண்டாலும் வேற்றுக்கிரகக் கலம் என்று முடிவு கட்டுபவரைப் போலவே விசாரணைக்குத் தகுதியற்றவர் என்பதை அன்று இரு தரப்பினரும் ஏற்றுக்கொண்டனர்.

இரு தரப்பு என்று சொல்வதில் தயக்கம் வேண்டியதில்லை. வேற்றுலக உயிர்கள் இங்கே வந்து செல்கின்றன என்று உறுதியாக நம்பும் உறுப்பினர்களும், அதற்குச் சான்றில்லை என்று கருதும் உறுப்பினர்களும் இச்சங்கத்தில் சம உரிமையோடு இருக்கிறார்கள்; இருக்கவும் வேண்டும். இந்தக் கருத்து வேறுபாடு விசாரணைக் குறிப்புகளுக்குள் நுழைந்துவிடாமல் காப்பதற்காக, பிரான்சின் விண்வெளி நிறுவனத்துக்குள் 1977 முதல் பல பெயர்களில் இயங்கிவரும் ஆய்வுப் பிரிவு பயன்படுத்தும் நான்கு வகைப் பகுப்பை நாமும் ஏற்றுக்கொண்டோம். தெளிவாக அடையாளம் காணப்பட்டவை, பெரும்பாலும் இன்னதென்று சொல்லக்கூடியவை, தகவல் போதாததால் முடிவு செய்ய இயலாதவை, போதிய தகவல் இருந்தும் விசாரணைக்குப் பின் விளக்கம் கிடைக்காதவை என்பன அந்த நான்கு. மூன்றாவதையும் நான்காவதையும் பிரித்து வைப்பதில்தான் இம்முறையின் பெருமை முழுவதும் இருக்கிறது. பறக்கும் தட்டுப் பதிவுகளை ஆராய்ந்துவந்த அமெரிக்க விமானப்படையின் புளூபுக் திட்டம் 1969-இல் மூடப்பட்டபோது, 12,618 பதிவுகளில் 701 அடையாளம் காணப்படாதவையாக எஞ்சின. அந்த 701-ஐ 701 விண்கலங்கள் என்று படிப்பதும் தவறு. ஒன்றுமில்லை என்று படிப்பதும் தவறு. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து, எதில் தகவல் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்ப்பதுதான் நேர்மையான வழி.

நமது ஏட்டில் நான்காம் வகையில் இவ்வாண்டு ஒரு பதிவு சேர்ந்திருக்கிறது. ஒருவரை ஒருவர் அறியாத இருவர், வெவ்வேறு இடங்களிலிருந்து, ஒரே மாலையில், ஒரே திசையில், மங்கிய செம்மஞ்சள் ஒளி ஒன்று மெல்ல எழுந்து, நின்று, வந்த வழியே திரும்பியதைத் தனித்தனியே தெரிவித்தார்கள். விமானப் பாதைகள், செயற்கைக்கோள் கடப்பு நேரங்கள், ராக்கெட் ஏவுதல்கள், அன்றைய காற்றின் திசை என அனைத்தையும் சரிபார்த்தாகிவிட்டது. பொருந்தும் விளக்கம் எதுவும் அகப்படவில்லை. இது வேற்றுலகக் கலம் என்று சங்கம் சொல்லவில்லை. பதிவு திறந்தே இருக்கிறது. அதை ஆராய விரும்பும் எந்த உறுப்பினருக்கும், பார்த்தவர்களின் பெயரை மறைத்து, முழுக் கோப்பும் தரப்படும்.

கைப்பேசிக் காணொளிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இப்போது வரும் பதிவுகளில் பெரும்பாலானவற்றுடன் ஒரு காணொளியும் சேர்ந்தே வருகிறது. நடுங்கும் விளிம்புகளோடு, உள்ளே அலைகள் நெளியும் ஒளித்தட்டு ஒன்றைக் காட்டும் காணொளிகள் பல. ஒரு கூட்டத்தன்று வெள்ளிக் கோளை வேண்டுமென்றே குவியம் தவறவிட்டு உருப்பெருக்கி எடுத்துக் காட்டினோம். திரையில் வந்தது அச்சுஅசலாக அதே தட்டு. தெருவிளக்கு போன்ற பிரகாசமான ஒளி படத்தில் இருந்தால், படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அதன் பிரதிபலிப்பு ஒன்று மிதப்பதும் அடிக்கடி காண்பதே. ஆகவே காணொளி எடுப்பவர்கள் கூரை விளிம்பு, மரக்கிளை போன்ற அசையாத ஒன்றையும் படத்துக்குள் சேர்த்துக்கொள்ளுமாறும், உருப்பெருக்கத்தைத் தவிர்க்குமாறும், வாட்ஸ்அப்பில் பகிரும்போது கோப்பு சுருக்கப்பட்டு, எடுத்த நேரம் முதலான விவரங்கள் அழிந்துவிடுவதால் மூலக் கோப்பையே தருமாறும் கேட்டுக்கொள்கிறோம். அமெரிக்காவின் நாசா அமைத்த தனிக்குழு 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையும், நல்ல தரவு இல்லாததே இத்துறையின் முதன்மையான குறை என்றும், பொதுமக்களின் கைப்பேசிகளைக் கொண்டே முறையான பதிவுகளைத் திரட்டலாம் என்றும், பார்த்ததைச் சொல்பவர்களை ஏளனம் செய்யும் போக்கு மாற வேண்டும் என்றும் கூறியது.

அவ்வறிக்கையில் இடம்பெற்ற ஒரு கணக்கை இளம் உறுப்பினர்கள் தாங்களாகவே போட்டுப் பார்த்தது பாராட்டுக்குரியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2020 ஏப்ரலில் அதிகாரபூர்வமாக வெளியிட்ட, கடற்படை விமானங்களிலிருந்து எடுக்கப்பட்ட மூன்று காணொளிகளில் ஒன்றில், கடல்மட்டத்தை ஒட்டி ஏதோ ஒன்று அதிவேகமாகப் பாய்வதாகத் தோன்றும். திரையில் தெரியும் உயரம், கோணம், தூரம் ஆகியவற்றைக் கொண்டு முக்கோணவியல் கணக்குப் போட்டால், விமானம் 25,000 அடி உயரத்தில் இருக்க, அந்தப் பொருள் சுமார் 13,000 அடி உயரத்தில், மணிக்குச் சுமார் 40 மைல் வேகத்தில் சென்றது தெரியவருகிறது. வேகமாகத் தோன்றியதற்குப் பெரிதும் காரணம் விமானத்தின் சொந்த வேகமே. கரும்பலகையில் இந்த எண்கள் ஒவ்வொன்றாக விழுந்தபோது அரங்கில் இருந்த ஆர்வத்தை வேறெந்தச் சொற்பொழிவிலும் நான் கண்டதில்லை.

ஜூலை 2 உலகப் பறக்கும் தட்டு நாளையொட்டி நடந்த திறந்த அரங்கும் மாணவர் வினாடி வினாவும் சிறப்பாக நடந்தன. 1977 ஆகஸ்ட் 15-இல் ஓஹியோவின் 'பெரிய காது' வானொலித் தொலைநோக்கியில் பதிவான 72 விநாடிச் சமிக்ஞை பற்றிய உரையும், சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்து 2017-இல் கண்டறியப்பட்ட ஓமுவாமுவா என்ற விண்பொருள் பற்றிய உரையும் நல்ல வரவேற்பைப் பெற்றன.

இரண்டு எச்சரிக்கைகளையும் இங்கே பதிவு செய்கிறேன். வானில் தெரியும் ஒளியை நோக்கி லேசர் விளக்கை அடிப்பது விமானியின் கண்ணைக் கூசச் செய்து பெரும் ஆபத்தை உண்டாக்கும். சங்க நிகழ்ச்சிகளில் இது முற்றிலும் தடைசெய்யப்படுகிறது. அடுத்து, தாம் கண்டதைப் பகிர்ந்த ஒருவர் தம் பணியிடத்தில் கேலிக்கு ஆளானது நமக்குத் தெரியவந்தது. அவர் எழுதிக் கொடுத்ததை நாம் வெளியிடவில்லை என்றாலும், இனி பார்த்தவர்களின் பெயரும் முகவரியும் தனி உறையில் முத்திரையிடப்பட்டுச் செயலாளரிடம் மட்டுமே இருக்கும்.

வரும் ஆண்டுக்கெனச் செயற்குழு முன்மொழியும் பணி, வானம் முழுவதையும் இரவு முழுவதும் பதிவு செய்யும் அகலக்கோணக் கேமரா ஒன்றை நிறுவுவது. நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கில் 1980-களின் தொடக்கத்திலிருந்து அடிக்கடி தோன்றிவரும் ஒளிகளை ஆராய, 1998-இல் அங்கே தானியங்கிக் கண்காணிப்பு நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. ஒருவரின் நினைவை மட்டும் நம்பியிராமல், நேரமும் திசையும் குறிக்கப்பட்ட பதிவுகள் அதனால் கிடைத்து வருகின்றன. நமது நான்காம் வகைப் பதிவு நிகழ்ந்த அந்த மாலையில் இப்படியொரு கேமரா நம்மிடம் இருந்திருந்தால், இன்று இந்த அவையில் வேறு விதமாகப் பேசிக்கொண்டிருப்போம். எனவே கேமரா வாங்குவதற்கான தீர்மானத்தையும், விசாரணைக்கு எப்போதும் இருவராகவே செல்ல வேண்டும், அவர்களில் ஒருவர் நம்புபவராகவும் மற்றவர் ஐயம் கொண்டவராகவும் இருக்க வேண்டும் என்ற விதித்திருத்தத்தையும், இந்த அறிக்கையோடு சேர்த்துப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

தூக்கத்தைப் பொருட்படுத்தாமல் மொட்டைமாடிகளிலும் வெட்டவெளிகளிலும் நின்று உழைத்த விசாரணைக் குழுவினருக்கும், நம்மை நம்பித் தாம் கண்டதைச் சொன்ன ஒவ்வொருவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்