யூனிசைக்கிள் வாங்கறீங்களா, வளர்ற பையன்னு பெருசா வாங்கிடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை லீவுக்கு பசங்களுக்கு என்ன வாங்கித் தரலாம்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, ஸ்கேட்டிங் ஷூ, கேரம்போர்டு எல்லாம் விலாவாரியா எழுதிட்டு யூனிசைக்கிளுக்கு (ஒத்தைச் சக்கர சைக்கிள்) மட்டும் ஆன்லைன்ல கம்மி விலைக்கே கிடைக்குதுன்னு ஒத்தை வரியில முடிச்சிட்டீங்க. நாங்க சைக்கிள் ரிப்பேர் கடை வச்சிருக்கோம்ங்க, ஆன்லைன்ல வாங்கினது பெட்டியோட நேரா எங்ககிட்டதான் வருது மாட்டித் தரச் சொல்லி, அதனால அந்த வரியில விட்டுப்போனதை எழுதறேன், இடம் இருந்தா போடுங்க.

விலை கம்மியா வாங்கறதுல ஒரு தப்பும் இல்ல. கத்துக்கற வரைக்கும் அது கீழ விழுந்துகிட்டேதான் இருக்கும், சீட்டோட முன்னாடி பின்னாடி இருக்கற பிளாஸ்டிக்கும் பெடலும் தரையில தேஞ்சே போயிடும், அதுக்குப் போய் காஸ்ட்லியா எதுக்கு? வெளிநாட்டுல ஆரம்ப மாடல் 100 டாலர் சுத்தி கிடைக்குது, கிரிஸ் ஹோம்னு கனடாக்காரர் மலையில இறங்கறதுக்குன்னே செய்ற பிராண்டு எல்லாம் 500 டாலருக்கு மேல போகும். அதுல அச்சு பல்லு பல்லா இருக்கும், மேல இருந்து குதிச்சாலும் தாங்கும். நம்ம பையன் சுவத்தைப் புடிச்சிகிட்டு நாலு அடி போறதுக்கு சாதா இரும்பு ஃபோர்க் (சக்கரத்தைப் புடிச்சிருக்கற கவை), சதுர அச்சு, பிளாஸ்டிக் பெடல் வச்ச மாடலே தாராளம், ஆனா அதை வச்சிகிட்டு படிக்கட்டுல இருந்து குதிக்கக் கூடாது, கிராங்கு (பெடல் மாட்டற கை) வளைஞ்சிடும்.

பிரச்சினை எங்க வருதுன்னா சைஸ்ல. வளர்ற பையன் தானே, பெருசா வாங்கினா ரெண்டு வருஷம் வரும்னு யூனிஃபார்ம் எடுக்கற மாதிரி 24 இஞ்ச் சக்கரம் வச்சது ஆர்டர் பண்ணிடறாங்க, பெட்டியைப் பிரிச்சு சீட்டை முழுசா இறக்கினாலும் பையனுக்கு கால் எட்டாது. சாதா சைக்கிள்ல எட்டலன்னா குரங்கு பெடல் போடலாம், இதுல அதுக்கும் வழி இல்ல. வயசைப் பாக்காதீங்க, செருப்பு போட்டு நிக்க வச்சு தொடை இடுக்குல இருந்து தரை வரைக்கும் டேப் வச்சு அளங்க, சுமாரா 55 செ.மீ. இருந்தா 16 இஞ்ச், 65 செ.மீ. கிட்ட வந்துட்டா 20 இஞ்ச். பெரியவங்க கத்துக்கறதா இருந்தாலும் 20 தான் என் சிபாரிசு, கொஞ்சம் உயரமான ஆளுன்னா 24 போகலாம். இதுல செயினும் இல்ல ஃப்ரீவீலும் (மிதிக்காம விட்டாலும் சக்கரத்தைச் சுத்த விடறது) இல்ல, கிராங்கு நேரா சக்கரத்தோட நடுவுல இருக்கற ஹப்லயே மாட்டியிருக்கும், ஒரு சுத்து மிதிச்சா சக்கரம் ஒரு சுத்து அவ்ளோதான், 20 இஞ்சுக்கு அது ஒன்றரை மீட்டர் சொச்சம். அதனால மெதுவாத்தான் போகும், விழுந்தாலும் கால் ஊனிடலாம். யூட்யூப் பாத்துட்டு 36 இஞ்ச் கேக்கற பசங்களும் வர்றாங்க (எட் பிராட்னு ஒரு இங்கிலாந்து பையன் 2015ல கிளம்பி 2018ல உலகத்தைச் சுத்திட்டு வந்தது அந்த சைஸ்லதான்), அது ரோட்டுல நூறு கிலோமீட்டர் போறவங்களுக்கு, கத்துக்க இல்ல.

20 இஞ்சுல இன்னொரு லாபம், டியூபும் டயரும் சாதா சின்னப் பசங்க சைக்கிளோடதே போடலாம், எந்த ஊர் கடையிலயும் கிடைக்கும், பஞ்சர் ஒட்டறவருக்கும் புதுசா ஒண்ணும் இல்ல. காத்து மட்டும் நல்லா டைட்டா இருக்கணும், தொளதொளன்னு இருந்தா திரும்பும்போது டயர் மடங்கி ஆளைத் தள்ளிடும்.

ஆன்லைன்ல தேடும்போது கரண்டுல சார்ஜ் போட்டு ஓடற ஒத்தைச் சக்கரமும் கலந்து வரும், அதுக்கு சீட்டு பெடல் எதுவும் இருக்காது, விலையும் பல மடங்கு. அது வேற சாமான். அப்புறம் பழைய சைக்கிளை வெட்டி வெல்டிங் வச்சுத் தர முடியுமான்னு கேக்கறவங்க உண்டு, ஃபோர்க் செஞ்சிடலாம்ங்க, ஆனா கிராங்கோட சேந்து சுத்தற அந்த ஹப்பு நம்ம சைக்கிள் எதுலயும் கிடையாது, அதை லேத்துல குடுத்து செஞ்சு பேரிங் புடிச்சு முடிக்கறதுக்குள்ள புதுசே வாங்கிடலாம்.

இப்ப முக்கியமான விஷயம். வீட்டுலயே மாட்டறவங்க இதை மட்டும் கவனிங்க, பெடல்லயும் கிராங்குலயும் எல், ஆர்னு எழுத்து குத்தியிருப்பாங்க, சீட்டுல உக்காந்தா இடது காலுக்கு எல் வரணும். இதென்ன பெரிய விஷயம்னு தோணும், ஆனா சாதா சைக்கிள்ல மாதிரி ஹேண்டில்பார் இல்லாததால ஃபோர்க்குக்கு முன்னாடி பின்னாடி ஒரே மாதிரி இருக்கும், சீட்டும் ரெண்டு பக்கமும் தூக்கிகிட்டு நிக்கும், திருப்பி மாட்டினா கண்ணுக்கே தெரியாது. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் வெட்டியிருப்பாங்க, மிதிக்க மிதிக்க இறுகறதுக்காக. வண்டியை முன்பின் மாத்தி மாட்டிட்டா மிதிக்க மிதிக்க ரெண்டு பெடலும் கழண்டு வரும், பாதி மரையில தொங்கிகிட்டு இருக்கும்போது பையன் ஏறி நின்னா கிராங்கோட மரையே பிச்சிகிட்டு வந்துடும். எங்ககிட்ட ரிப்பேருக்கு வர்றதுல பாதிக்கு மேல இதுதான், அந்த சைஸ் கிராங்கு தனியா கிடைக்கறது குதிரைக்கொம்பு. கிராங்கு நட்டையும் மாட்டும்போது நல்லா இறுக்கிட்டு ஒரு வாரம் ஓட்டினதும் திரும்ப ஒரு தடவை இறுக்குங்க, பெரும்பாலும் 14 நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் போதும். ஆட்டம் இருக்கும்போதே ஓட்டினா சதுர ஓட்டை வட்டமாயிடும், அப்புறம் என்ன இறுக்கினாலும் நிக்காது.

சீட் உயரம் எல்லாரும் பயந்துகிட்டு கீழயே வைக்கறாங்க, அப்படி வச்சா வெயிட்டு பூரா கால்ல இறங்கி பத்து நிமிஷத்துல தொடை வலி எடுத்துடும். பெடல் அடியில இருக்கும்போது அதுல குதிகாலை வச்சா கால் நேரா நீளணும், அதுதான் அளவு. சீட் பில்லர் (சீட்டைத் தாங்கற குழாய்) நீளமா இருந்து இறங்கலன்னா ஹேக்சால அறுத்துக்கலாம், ஒரு கைப்பிடி அளவாவது ஃபோர்க்குக்குள்ள இருக்கற மாதிரி விட்டுட்டு அறுங்க.

எங்க ஓட்டிப் பழகறதுன்னும் கேக்கறாங்க. மொட்டை மாடி மட்டும் வேண்டாம்ங்க, கைப்பிடிச்சுவரைப் புடிச்சிகிட்டு பழகலாம்னு நல்ல யோசனை மாதிரி தெரியும், ஆனா சீட்டுல ஏறினதும் பையனோட இடுப்பு சுவத்துக்கு மேல வந்துடும், அந்தப் பக்கம் சாஞ்சா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங், ஸ்கூல் பேஸ்கட்பால் கோர்ட்டு கம்பி வேலி, இந்த மாதிரி சமதளமா சிமெண்ட்டு தரையா புடிக்க எதாவது இருக்கற இடம் பாருங்க. புல்தரையில விழுந்தா வலிக்காதேன்னு போவாங்க, ஆனா சக்கரம் உருளவே உருளாது, கத்துக்க இன்னும் நாளாகும். ஜப்பான்ல நிறைய ஆரம்பப் பள்ளிக்கூடத்துல மைதானத்துலயே யூனிசைக்கிள் வச்சிருப்பாங்க, பசங்க கம்பியைப் புடிச்சிகிட்டும் ஒருத்தர் கையை ஒருத்தர் புடிச்சிகிட்டும் தானாவே பழகிக்கறாங்க, வாத்தியார் பெருசா ஒண்ணும் சொல்லித் தர்றதில்ல. நம்ம பசங்களுக்கும் சொல்ல வேண்டியது கம்மிதான்: வெயிட்டு சீட்டுல இருக்கட்டும், கண்ணு தூரமா பாக்கட்டும், விழற மாதிரி இருந்தா முன்னாடி கால் ஊனிட்டு வண்டியை விட்டுடணும், காப்பாத்தறேன்னு புடிக்கப் போகக் கூடாது. மொத்தமா பத்து பதினஞ்சு மணி நேரம் ஆகும்னு வச்சுக்கங்க, முதல் ரெண்டு நாள்ல ஒண்ணுமே வரலன்னு ஓரங்கட்டிடறவங்கதான் ஜாஸ்தி.

விலையில மிச்சம் புடிச்ச காசுல ஹெல்மெட்டும் மணிக்கட்டு கார்டும் வாங்குங்க, முழங்காலுக்கு கீழ முன்னெலும்புக்கு ஃபுட்பால் ஆடறவங்க போடற ஷின் கார்டு போதும், பெடல் திரும்பி அடிக்கறது அங்கதான். பெடல்ல இரும்பு முள்ளு வச்சு வந்திருந்தா கழட்டிட்டு பிளாஸ்டிக் போட்டுடுங்க, ஆனா பெடல் மரை ரெண்டு சைஸ்ல வருது, வீட்டுல இருக்கற பழைய சைக்கிள் பெடல் ஏறலன்னா சுத்தியால தட்டி ஏத்தாதீங்க, யூனிசைக்கிள்ல கழட்டின பெடலைக் கையில எடுத்துகிட்டு கடைக்குப் போங்க.

இப்படிக்கு,
சைக்கிள் கடை வாசகர் ஒருவர்,
ஈரோடு.