ஓசூர் குடியிருப்போர் சங்கங்களுக்கு: பூனைகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோக வேண்டாம்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

ஓசூர் பக்கத்தில் ஒரு சிறிய விலங்குகள் காப்பகத்தில் பூனைகளைப் பார்த்துக்கொள்பவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் குடியிருப்புகளிலிருந்து வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: "பார்க்கிங்கில் பூனைத் தொல்லை, வந்து பிடித்துக்கொண்டு போங்கள்." நாங்கள் தயங்கினால், சில இடங்களில் வாட்ச்மேன் கையில் சாக்கைக் கொடுத்து, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி சாலைப் பக்கம் விட்டுவிட்டு வரச் சொல்லிவிடுகிறார்கள்.

நாங்கள் ஏன் தயங்குகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூனைக்குட்டி பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதக் கை பட்டு வளர்ந்தால்தான் மனிதரிடம் ஒட்டும். அந்தக் காலம் தாண்டித் தெருவிலேயே வளர்ந்த பூனைக்குக் காப்பகம் ஒரு சிறை. கூண்டின் மூலையில் ஒடுங்கிக்கொண்டு, வைத்த மீனைத் தொடாமல் கிடக்கும். பூனை சில நாட்கள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். காப்பாற்ற வந்த இடத்திலேயே அது சாவதைப் பார்ப்பது எங்களுக்குத் தாங்க முடியாத வேதனை.

இன்னொரு பயம் பேன்லூகோபீனியா. தடுப்பூசி போடாத குட்டிகளை ஓரிரு நாளில் கொன்றுவிடக்கூடிய நோய் இது. இதன் வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூட உயிரோடு இருக்கும். பினாயில் இங்கே உதவாது, பூனைக்கு அதுவே நஞ்சு. பிளீச்சிங் கரைசல்தான் வழி. வெளியிலிருந்து திடீரென்று ஒரு பூனையை உள்ளே விட்டால், ஏற்கெனவே இருக்கும் எல்லாக் குட்டிகளையும் பணயம் வைத்த மாதிரி ஆகிவிடும்.

சரி, காட்டோரம் விட்டால்? அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகள் 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. குப்பைத் தொட்டியை நம்பி வளர்ந்த பூனை அங்கே பட்டினியில் சாகும், அல்லது நாய்க்கோ சிறுத்தைக்கோ இரையாகும். பிழைத்தால் பறவைகளையும் ஓணான்களையும் வேட்டையாடும், அங்குள்ள காட்டுப்பூனைகளுக்கு நம் ஊர் நோய்களைக் கொடுக்கும். பசியால் வாடும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் பார்க்கிங் காலியாக இருக்காது. மூடாத குப்பைத் தொட்டியும் எலியும் இருக்கும் வரை பக்கத்துத் தெருப் பூனை வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பலன் தருவது கருத்தடைதான். பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைப்படும். சினைக்காலம் சுமார் ஒன்பது வாரம். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினையாகலாம். அறுவை சிகிச்சை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, அடையாளத்துக்குக் காது நுனியைச் சிறிது வெட்டி, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். இரவில் கத்துவதும், கடுவன்கள் சண்டை போடுவதும், சுவரில் சிறுநீர் பீய்ச்சுவதும் பெருமளவு குறைந்துவிடும். நீங்கள் தொல்லை என்று சொல்வதில் பாதிக்கு மேல் இவைதானே!

அதற்கு உங்கள் உதவி வேண்டும். சில நாட்கள் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் யாராவது ஒருவர் உணவு வைத்துப் பழக்க வேண்டும். பிறகு மத்தி மீனோ கருவாடோ வைத்த கூண்டுக்குள் அவை தாமாகவே வரும். மாட்டியதும் கூண்டைத் துணியால் மூடிவிட்டால் பூனை அமைதியாகிவிடும். அறுவைக்குப் பின் கடுவனை மறுநாளே விடலாம், பெட்டைக்கு இரண்டு மூன்று நாள் ஓய்வு வேண்டும். அதற்கு மட்டும் உங்கள் வளாகத்தில் ஒரு காலி அறை கொடுங்கள். செலவில் ஒரு பங்கைப் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து ஒதுக்குங்கள். உணவு வைக்கும் பெண்களைத் திட்டி விரட்டுவதை நிறுத்துங்கள். உரிமையாளர் இல்லாத விலங்குகளுக்கு வளாகத்துக்குள் உணவளிக்க இடமும் நேரமும் ஏற்பாடு செய்வது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்று 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளே சொல்கின்றன.

எட்டு வாரத்துக்கு உட்பட்ட அநாதைக் குட்டிகளையும் அடிபட்ட பூனைகளையும் நாங்கள் மனமுவந்து ஏற்கிறோம். ஆனால் குட்டிகளைக் கண்டதும் தூக்கிவிடாதீர்கள். தாய் பெரும்பாலும் இரை தேடித்தான் போயிருக்கும், சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். பசும்பால் கொடுக்க வேண்டாம், வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். அடிபட்ட பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, ஒரு மாத்திரையே அதைக் கொன்றுவிடும். அப்புறம், மார்கழிக் குளிரில் பூனைகள் சூடு தேடிக் கார் என்ஜினுக்குள் போய்ப் படுக்கும். காலையில் பானெட்டை நாலு தட்டு தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பச் சொல்லி நோட்டீஸ் போர்டில் எழுதி வையுங்கள்.

உங்கள் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். கூண்டோடு வந்து எப்படி வைப்பது என்று காட்டுகிறோம். அதுவரை அந்தச் சாக்கை மட்டும் எடுக்காதீர்கள்.

அன்புடன்,
காப்பகத் தொண்டர் ஒருத்தி