உன் கார்ட் உன்னிடமே இருக்கட்டும்

அன்புள்ள மகளுக்கு,

கார்ட்டின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு படங்களையும் என் போனில் இருந்து அழித்துவிட்டேன். நீயும் உன் பக்கத்தில் அழித்துவிடு. கேலரியையும் பார். கூகுள் போட்டோஸ் தானாக எடுத்து வைத்திருந்தால் அங்கேயும் அழித்து, அதன் குப்பைக்கூடையையும் காலி செய்ய வேண்டும். அம்மாவுக்கு நான் இணையத்தில் வாங்கப்போகும் கிரைண்டருக்கு உன் கார்ட்டில் நீ காசு கட்ட ஆசைப்படுவது எனக்கு விளங்குகிறது. அதற்காகப் பதினாறு இலக்கமும், காலாவதித் திகதியும், பின்னால் உள்ள மூன்று இலக்கமும் ஒரே இடத்தில் கிடக்கும்படி அனுப்புவதா? கள்வனுக்கு வேண்டியது அவ்வளவும்தான். வெளிநாட்டுக் கடைகள் பலவற்றில் ஓடிபி, அதாவது போனுக்கு வரும் ஒருமுறை இலக்கம், கேட்காமலே இவற்றை வைத்துக் காசை எடுத்துவிடலாம். "தெரியாத லிங்க்கை அமத்தாதீங்கோ அப்பா" என்று எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடம் நடத்துகிறவள் நீ. அதைச் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

அப்படிச் செய்தாலும் காரியம் ஆகாது. இங்கே கொழும்பில் காலை பத்து மணிக்கு நான் ஓடர் பண்ணினால் ரொறன்ரோவில் நள்ளிரவு பன்னிரண்டரை. ஓடிபி உன் போனுக்குத்தான் வரும். நீ தூங்கி எழும்ப முன்பே அது செல்லாமல் போய்விடும். நீ விழித்திருந்து எனக்கு வாசித்துச் சொல்வாய் என்றால் அது இன்னும் மோசம். ஓடிபியை இன்னொருவருக்குச் சொல்லுவது இந்த வீட்டில் யாருக்கும் பழகிப்போன காரியமாக ஆகக்கூடாது, மகள் அப்பாவுக்குச் சொன்னாலும். ஒருநாள் யாரோ ஒருவன் கேட்கும்போது வாய் தானாகத் திறந்துவிடும்.

சரி, என் ஏற்பாட்டைச் சொல்கிறேன். புறக்கோட்டையில் நான் கணக்கு எழுதிய காலத்தில் முதலாளியின் பேரேட்டை யாரும் இலேசில் தொட முடியாது. தேநீர், மூட்டை தூக்கும் நாட்டாமைகளின் கூலி, முத்திரைச் செலவு எல்லாம் சில்லறைக் காசேட்டில்தான். ஒரு தொகையைக் கையில் தருவார்கள். முடிந்ததும் சிட்டைகளைக் காட்டி, செலவான அளவுக்கு மட்டும் திரும்ப நிரப்பிக்கொள்ள வேண்டும். பெட்டியை யாரும் தூக்கிக்கொண்டு ஓடினாலும் கடை தப்பிவிடும். இணையத்தில் சாமான் வாங்குவதற்கும் அதே முறையைத்தான் வைத்திருக்கிறேன். காலி வீதியில் இருக்கும் நம் வங்கிக் கிளையில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்து அதற்கென்று ஒரு டெபிட் கார்ட் எடுத்தேன். ஏதும் வாங்குவதற்குச் சற்றுமுன் அந்த விலைக்கும் டெலிவரிக் கூலிக்கும் போதுமான காசை அதற்குள் மாற்றுவேன். மற்ற நேரத்தில் அதில் இருப்பது ஒரு கொத்துரொட்டிக் காசுதான். நிரந்தர வைப்பின் வட்டியும் நீ அனுப்பும் காசும் வந்து விழும் கணக்கின் கார்ட்டை எந்த இணையத்தளத்திலும் போடுவதில்லை. இரண்டு கணக்கையும் தானாக இணைத்து நிரப்பும் வசதி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கார்ட்டுக்கு நாள் வரம்பு வைக்கவும், வெளிநாட்டுப் பாவனையை நிறுத்தி வைக்கவும் செயலியிலேயே இடம் இருக்கிறது. கிளையில் இருந்த பிள்ளை பொறுமையாகக் காட்டித் தந்தது.

"கடனட்டைதானே பாதுகாப்பு?" என்று நீ கேட்பாய். உனக்கு ஓம். கடனட்டையில் சர்ச்சை வந்தால் இழுபடுவது வங்கியின் காசு. டெபிட் கார்ட்டில் முடிவு வரும்வரை நம் காசுதான் வெளியே நிற்கும். ஆனால் மாதாமாதம் அறிக்கை பார்த்து, திகதி தவறாமல் கட்டி, தவறினால் வட்டி கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு இனி வேண்டாம். பெட்டியில் கொஞ்சமாக வைத்தால் இழப்பதும் கொஞ்சம்தான்.

ஓடிபி பற்றி இன்னொன்று. எல்லோரும் அந்தக் குறுஞ்செய்தியில் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்து அவசரமாகத் தட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் முக்கியமானது மற்ற வரிதான். பெரும்பாலும் எந்தக் கடைக்கு, எவ்வளவு, எந்த நாணயத்தில் என்று அதிலேயே இருக்கும். 4,990 என்பதற்கு முன்னால் எல்கேஆர் (இலங்கை ரூபாய்) நிற்கிறதா, யூஎஸ்டி (அமெரிக்க டொலர்) நிற்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். கடையின் பெயரும் தொகையும் நான் ஓடர் பண்ணியதோடு பொருந்தாவிட்டால் இலக்கத்தைத் தட்டமாட்டேன். கேட்காமலே ஓடிபி வந்தால் யாரோ என் கார்ட்டைப் பரீட்சித்துப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது முதல் வேலை கார்ட்டை முடக்குவது.

வங்கியில் இருந்து பேசுவதாகச் சொல்லிப் போன் எடுப்பவர்கள் இப்போது நல்ல தமிழில் பேசுகிறார்கள். ஐயா என்கிறார்கள், சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்கிறார்கள். பரிசு விழுந்திருக்கிறது, கணக்கு முடங்கப்போகிறது, எது சொன்னாலும் கடைசியில் வந்து நிற்பது ஓடிபியில்தான். இல்லாவிட்டால் எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ஒரு செயலியைப் போடச் சொல்வார்கள். அதைப் போட்டால் நம் திரை முழுவதும் அவர்கள் கண்ணுக்கு முன்னால். நான் சண்டை பிடிப்பதில்லை, வைத்துவிடுவேன். சந்தேகம் இருந்தால் கார்ட்டின் பின்னால் அச்சடித்திருக்கும் இலக்கத்துக்கு நானே எடுப்பேன். வந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுப்பதில்லை.

தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் குறுஞ்செய்திதான் நம் மாடிக்கட்டடத்தில் பலரையும் குழப்புகிறது. உங்கள் பார்சல் நிற்கிறது, விலாசம் சரியில்லை, சிறு கட்டணம் கட்டுங்கள் என்று ஒரு லிங்க். கேட்பது சின்னத் தொகை, அதனால்தான் ஆட்கள் கட்டுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தச் சின்னத் தொகை இல்லை, நாம் தட்டும் கார்ட் இலக்கங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் ஏதோ ஒரு பார்சல் எப்போதும் வழியில்தானே இருக்கும்! ஆகவே செய்தி பொருத்தமாகத் தோன்றும். நான் அந்த லிங்க்கின் விலாசத்தை வலப்பக்கத்தில் இருந்து வாசிக்கப் பழகியிருக்கிறேன். தொடக்கத்து https:// ஐ விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் என்ன முடிகிறது என்று பார்க்க வேண்டும். உண்மையான தபால் தளம் எஸ்எல்போஸ்ட் டொட் ஜிஓவி டொட் எல்கே (slpost.gov.lk) என்று முடியும். ஜிஓவி, எல்கே எல்லாம் நடுவில் இருந்து, வேறு ஏதோ பெயரில் முடிந்தால் அது அரசாங்கத்தின் தளம் இல்லை. இடப்பக்கத்தில் யாரும் எதையும் எழுதலாம்.

இணைய விலாசத்துக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படத்தை நம்பாதே என்று அம்மாவின் தங்கைக்கு விளக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது போகும் வழியில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதற்கு மட்டும்தான் அடையாளம். மறுபக்கத்தில் இருப்பவன் யோக்கியன் என்று அது சொல்வதில்லை. போலித் தளத்துக்கும் பூட்டு இலவசமாகவே கிடைக்கும். 2023 இல் கூகுள் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டது. சனம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

அம்மாவின் வியாதி வேறு. பேஸ்புக்கில் சேலை. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, இறங்கினால் சேலைக்கடை, ஏறினால் சேலைக்கடை, ஆனால் போனில் பார்ப்பதுதான் அழகாம். அந்தப் பக்கங்கள் பலவற்றில் முறை ஒன்றுதான்: காசை வங்கிக் கணக்குக்கு மாற்றி, ஸ்லிப்பைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுங்கோ, அப்புறம் அனுப்புகிறோம். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருக்கும். ஒழுங்கானவர்களும் அப்படித்தான் விற்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வங்கிக்கு வங்கி மாற்றும் காசு சில நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். நாமே மாற்றியதை வங்கி இழுத்தெடுத்துத் தராது. கார்ட்டில் கட்டினாலாவது முறைப்பாடு செய்ய ஒரு வழி இருக்கும். அதனால் இந்த வீட்டுச் சட்டம்: தெரியாத விற்பனையாளர் என்றால் சாமான் கைக்கு வந்த பிறகு காசு, அதற்குச் சம்மதமில்லை என்றால் சேலையும் வேண்டாம். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. பிறகு கீழே இறங்கிப் போய் அதே நிறத்தில் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி வந்தார்.

வாசலில் காசு கொடுப்பதிலும் ஒரு தந்திரம் உண்டு. ஓடர் பண்ணாத பார்சல் நம் பெயருக்கே வரும், பெட்டியில் ஒரு தொகையும் எழுதியிருக்கும். வீட்டில் யாரோ வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக் கொடுத்துவிடுவார்கள். நான் கதவுக்குப் பின்னால் ஒரு கொப்பி தொங்கவிட்டிருக்கிறேன். என்ன, எந்தக் கடை, எவ்வளவு, கட்டியாயிற்றா என்று எழுதுவது. கொப்பியில் இல்லாத பார்சல் திரும்பிப் போகும். கொண்டுவருகிற பொடியனில் கோபப்பட்டுப் பயனில்லை, வெயிலில் படி ஏறி வந்தவன், தண்ணீர் கொடுத்து அனுப்புகிறோம்.

ஏதும் பிசகினால் என்ன செய்வது என்றும் அதே கொப்பியின் பின்மட்டையில் எழுதி வைத்திருக்கிறேன், நான் வீட்டில் இல்லாத நேரம் அம்மாவுக்கு உதவும். முதலில் வங்கியின் அவசர இலக்கம், கார்ட்டை முடக்க. பிறகு வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு, திகதியோடு. வங்கியின் பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவு, தொலைபேசி 1935. சாமான் பழுது, ஏமாற்று வியாபாரம் என்றால் நுகர்வோர் அதிகாரசபை, தொலைபேசி 1977. களவு என்றால் பொலிஸ். கார்ட் மோசடிக்கென்றே 2006 இல் 30 ஆம் இலக்கச் சட்டமும், அடுத்த ஆண்டு கணினிக் குற்றச் சட்டமும் வந்துவிட்டன. ஆகவே "இதெல்லாம் எங்கட வேலையில்லை" என்று யாரும் திருப்பி அனுப்பினால் கேட்டுக்கொண்டு வரத் தேவையில்லை. இழந்த காசை மீட்டுத் தருகிறேன், முதலில் கொஞ்சம் கட்டுங்கள் என்று வருகிறவன் இரண்டாவது கள்வன். அதையும் எழுதிவைத்திருக்கிறேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான், காசு இல்லை. உன் வாட்ஸ்அப்பில் இரண்டாம் கட்டப் பாதுகாப்புக்கான பின் (PIN) இலக்கத்தைப் போடு. வெளிநாட்டுப் பிள்ளையின் கணக்கைப் பிடித்து, "அப்பா அவசரம், இந்தக் கணக்குக்குக் காசு போடுங்கோ" என்று எழுதுவது இப்போது நடக்கிறது. குரலையும் கணினியில் செய்துவிடுகிறார்களாம். அப்படி ஒரு செய்தி வந்தால் நான் உடனே எதையும் அனுப்பமாட்டேன், கோபிக்காதே. உன் பழைய இலக்கத்துக்கு எடுப்பேன், எடுக்காவிட்டால் மருமகனுக்கு எடுப்பேன். அதற்குப் பிறகும் நீதானா என்று உறுதிப்படுத்த ஒரு கேள்வி கேட்பேன். பேஸ்புக்கில் தேடினால் விடை கிடைக்காத கேள்வியாக ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். அதை இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. ஞாயிறு எடுக்கும்போது சொல்கிறேன், பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே, அவன் வகுப்பு முழுக்கச் சொல்லிவிடுவான்.

அன்புடன்,
அப்பா
வெள்ளவத்தை